பின்னால் வருகிறவள்

என் வீட்டுக்காரர் துப்பாக்கி எடுத்தது ரிட்டயர் ஆன பிறகுதான். அதற்கு முன்னால் அவர் ஒரு கொசுவைக்கூட அடித்ததில்லை; அதற்கும் என்னைத்தான் கூப்பிடுவார். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் ஓடுகிற தனியார் பஸ் ஒன்றில் ஆயுசு முழுக்க டிரைவராக இருந்தவர். வளைவில் எதிரே வருகிற டூரிஸ்ட் கார்க்காரன் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நடு ரோட்டில் நின்றால்கூட, ஹாரன் அடிக்காமல், அவன் தட்டுத்தடுமாறி ரிவர்ஸ் எடுக்கும்வரை காத்திருந்து, போகும்போது கையையும் காட்டிவிட்டுப் போவார். அப்பேர்ப்பட்ட மனுஷன் ஹாலில் பாயைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, டிவியில் ஆள் மாற்றி ஆளாகச் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார்.

எல்லாம் எங்கள் மகன் பார்த்த வேலை. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். அப்பா ரிட்டயர் ஆனதும் வீட்டில் இருக்கமாட்டாமல் தினமும் குளித்து முழுகி ஒண்டிக்கடை பஸ் ஸ்டாப்புக்குப் போய் நின்று, வருகிற போகிற பஸ்ஸையெல்லாம் பார்த்து, கிளட்ச் போயிருச்சு, பிரேக் லைனிங் போயிருச்சு என்று நோய் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பது அவன் காதுக்குப் போயிருக்கிறது. "அண்ணே, கொஞ்ச நாளைக்கு ஊட்டுல ரெஸ்ட் எடுங்கண்ணே" என்று ஒரு டிரைவர் பையன் கையெடுத்தே கும்பிட்டுவிட்டானாம். பொங்கலுக்கு வந்த மகன், தான் புதிதாக ஒன்று வாங்கிவிட்டதாகச் சொல்லி, தன்னுடைய பழைய கேம் பெட்டியைக் கொண்டுவந்து எங்கள் டிவியில் மாட்டிவிட்டுப் போனான்.

டிரைவராயிற்றே என்று முதலில் கார் ஓட்டுகிற கேமைத்தான் போட்டுக் கொடுத்தான். அது ஒரு நாள் தாங்கவில்லை. "இதென்ன சாமி, வளைவுல பிரேக்கே புடிக்காம போறான்? இவனை மலையேத்தி உட்டா சாயங்காலம் பள்ளத்துல கயிறு கட்டித்தான் தூக்கோணும்" என்று கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டார். மகன் சலித்துப்போய் வேறொன்றைப் போட்டான். அதுதான் அந்தத் துப்பாக்கிக் கேம். இவருக்கு இது ஆகவே ஆகாது என்று நானும் அவனும் சமையலறையில் நின்று பேசிக்கொண்டோம். நாங்கள் இரண்டு பேரும் நினைத்தது எது நடந்திருக்கிறது, இது நடக்க.

அதே பொங்கலுக்கு மகன் என்னிடம் இன்னொன்றும் சொன்னான். எனக்கு முட்டி வலி. எங்கள் வீடு ஏற்காட்டில் கிளியூர் போகிற பக்கம் பள்ளத்தில் இருக்கிறது. கொத்தமல்லித் தழை வேண்டுமென்றாலும் ஒண்டிக்கடைக்கு ஏறியாக வேண்டும். "அம்மா, என்ற பிளாட்ல லிஃப்ட் இருக்குது. ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்குது. அப்பா வெயிலுக்குப் பயந்துட்டு வர மாட்டார். நீங்க மட்டுமாவது வந்து இருங்க. அவரு சமாளிச்சுக்குவார்." ஒரு மாசம் இரண்டு மாசத்துக்கு அல்ல, வந்தால் வந்ததுதான் என்கிற மாதிரி கூப்பிட்டான். மருமகளும் கூப்பிட்டாள். நான் பார்க்கலாம் கண்ணு, பார்க்கலாம் கண்ணு என்று தள்ளிக்கொண்டே வந்தேன். எனக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. நான் பின்னால் இல்லை என்றால் இந்த மனுஷனுக்கு அது உறைக்குமா என்று தெரிய வேண்டியிருந்தது. உறைக்காது என்றுதான் எனக்குப் பட்டது. அதை உறுதி செய்துகொண்டு கிளம்பலாம் என்று இருந்தேன்.

பின்னால் என்று நான் சொல்வது சும்மா பேச்சுக்கு அல்ல. கல்யாணமான புதிதில் மாரமங்கலத்தில் அவருடைய சொந்தக்காரர் வீட்டு விருந்துக்குப் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கி காப்பித் தோட்டத்துக்குள் ஒற்றையடிப் பாதை. இவர் முன்னால், நான் பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால். அன்று ஆரம்பித்தது. வளைவுக்கு வளைவு நிற்பார். நின்று பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் மூச்சு வாங்க ஏறி வந்து சேர்ந்த மறு நொடி கிளம்பிவிடுவார். ஆகக்கூடி ஓய்வு அவருக்கு, நடை எனக்கு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, திரும்பிப் பார்த்தது கிடையாது. அந்த முதுகை நான் எத்தனை சட்டையில் பார்த்திருக்கிறேன் என்று கேட்டால் வரிசையாகச் சொல்வேன்.

சண்டை போட்டிருக்கிறேன், அழுதிருக்கிறேன், பேசாமல் இருந்தும் பார்த்திருக்கிறேன். வீட்டில்தான் பேசாமல் இருப்பேன். ரோட்டில் என்னால் முடியாது. எதற்கும் அவருடைய பதில் ஒன்றேதான்: "டிரைவர் எதுக்குப் புள்ள திரும்பிப் பாக்கோணும்? பின்னால விசில் இருக்குதுல்ல." கண்டக்டர் ஒரு விசில் அடித்தால் நிறுத்த வேண்டும், இரண்டு அடித்தால் எடுக்க வேண்டும். பின்னால் யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள் என்று டிரைவர் பார்க்க வேண்டியதில்லை. காதில் விழுந்தால் போதும். இதைப் பெரிய தத்துவம் மாதிரி சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்போது கேமுக்கு வருகிறேன். தாடி வைத்த ஒரு நடுவயது ஆள். பனிமலை. இந்தப் பக்கமிருந்து மலையைத் தாண்டி அந்தப் பக்கம் போக வேண்டும். வழியெல்லாம் அவனைக் கொல்ல ஆட்கள் ஒளிந்திருக்கிறார்கள். நாம் அவன் கண்ணால் பார்ப்பதில்லை. அவனுக்கு நாலடி பின்னால் நின்றுகொண்டு அவன் முதுகைப் பார்த்தபடியே அவனை நடத்திக்கொண்டு போக வேண்டும். முதல் நாள் எட்டிப் பார்த்ததுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு இது புதுசா என்ன. மாரமங்கலத்திலிருந்து இதைத்தானே ஆடிக்கொண்டிருக்கிறேன், பொத்தான்தான் என் கையில் இல்லை.

அந்தத் தாடிக்காரனுக்குப் பின்னால் ஒரு பெண் வருவாள். தலையில் குல்லா, தோளில் பை. அவள் திரையில் தெரியமாட்டாள். கன்ட்ரோலரில் வலது பக்கக் குமிழைத் திருப்பினால்தான் தெரிவாள்.

கேம் வந்த புதிதில் சத்தத்தைக் கூட்டி வைத்துத்தான் ஆடினார். ஒரு நாள் சாயங்காலம் துப்பாக்கிச் சண்டை நடுவில் கதவு படபடவென்று தட்டுகிற சத்தம். பக்கத்து வீட்டு பாய் சம்சாரம். ஒண்டிக்கடையில் அவர்களுக்கு மளிகைக்கடை. முக்காட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்திருந்தாள். "ஏனுங்க்கா, காட்டெருமை எந்தப் பக்கமுங்க வந்துச்சு? வெடி போடறீங்களே, நான் புள்ளைங்களை உள்ள தள்ளிக் கதவைச் சாத்திட்டு வாரேன். கீழ எஸ்டேட்டு ரைட்டர் ஊட்டுக்கும் போன் பண்ணிட்டேனுங்க!" எங்கள் பக்கம் காப்பித் தோட்டத்துக்குள் காட்டெருமை இறங்கினால் வெடி போட்டுத்தான் துரத்துவார்கள். நான் டிவியைக் காட்டினேன். அவள் ஒரு நிமிஷம் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பாயில் சம்மணம் போட்டிருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தாள். "அண்ணனுங்களா சுடறாங்க?" என்றாள். அதற்குள் கீழேயிருந்து இரண்டு ஆட்கள் டார்ச்சும் தகரமுமாக வந்துவிட்டார்கள். அவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பினேன். மானம் போயிற்று.

அன்றைக்கே சட்டம் போட்டேன். இனிமேல் இந்த வீட்டில் அந்தக் கேமுக்குச் சத்தம் கிடையாது. சுடுவதென்றால் ஊமையாகச் சுடட்டும். ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை அடியோடு குறைத்தார். அதற்கு மேல் அது ஏறவே இல்லை. இந்த ஒரு விஷயத்தில் என் பேச்சு எடுபட்டது என்று நான்கூடக் கொஞ்சம் பெருமைப்பட்டேன்.

அதற்கப்புறம்தான் அந்தக் கூத்து. நாலடி நடப்பார், குமிழைத் திருப்பி அவள் வருகிறாளா என்று பார்ப்பார். ஆற்றைக் கடப்பார், திரும்பிப் பார்ப்பார். ஒரு பாழடைந்த மில்லுக்குள் குண்டு பறந்துகொண்டிருக்கும். அந்த நேரத்திலும் எதிரியை விட்டுவிட்டுத் திரும்பி, அவள் தூணுக்குப் பின்னால் குனிந்திருக்கிறாளா என்று பார்ப்பார். அதற்குள் எவனாவது இவரைச் சுட்டுவிடுவான். செத்து, மறுபடியும் எழுந்து வந்து, மறுபடியும் திரும்பிப் பார்ப்பார். நான் பூண்டு உரித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வயிறு எரிந்தது. சொல்வதற்கு என்ன வெட்கம், எரிந்ததுதான்.

"யாருங்க அவ?" என்று கேட்டேன்.

"இவன் சம்சாரம்."

"உங்களுக்கு யார் சொன்னது?"

"யாரு சொல்லோணும்? பின்னாலயே வர்றா. வாய் ஓயாம அசைஞ்சுட்டே இருக்குது. சம்சாரம்தான்."

அதைவிட மோசம் அவர் கதை சொல்கிற விதம். சாப்பிடும்போது, "நாங்க இன்னைக்கு அந்தப் பாலத்தைத் தாண்டிட்டோம்" என்பார். "நாங்க நேத்து நொம்பத் தப்பான பாதையில போயிட்டோம்." நாங்க! நான் எதிரில் உட்கார்ந்து அவருக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருக்கிறேன், என்னை வெளியே நிறுத்திவிட்டு அவர்கள் இரண்டு பேரும் 'நாங்க'. நாம் என்று சொல்லியிருந்தால்கூட வாய் தவறி வந்தது என்று விட்டிருப்பேன்.

இதில் என்னதான் இருக்கிறது என்று நானும் உட்கார்ந்து பார்த்தேன். எரிச்சலோடுதான் பார்த்தேன், ஆனாலும் எழுந்து போக முடியவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். சுடுவது அவருக்குப் பிடிக்கவே இல்லை. குறியும் கிடையாது, ஆசையும் கிடையாது. கதை அடுத்து எங்கே போகிறது என்று தெரிய வேண்டும். நடுவில் இந்தப் பாவிகள் வந்து மறிக்கிறார்கள், அதனால் சுட்டாக வேண்டியிருக்கிறது. செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்திப் பேசிவிட்டுப் போகிற மாதிரிதான் அவர் சுட்டார். சினிமாவில் நாம் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாலும் கதாநாயகன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பான். இதில் இவர் கன்ட்ரோலரைக் கீழே வைத்தால் தாடிக்காரன் பனியில் நின்று கையைத் தேய்த்துக்கொண்டு கால் மாற்றிக் கால் நிற்பான். "குளுருல நிக்கறான் புள்ள, சீக்கிரம் காப்பியக் குடு" என்று என்னை அவசரப்படுத்துவார். இவர் போனால்தான் அவன் போவான், இவர் விட்டுவிட்டால் அவன் அங்கேயே கிடப்பான். ரிட்டயர் ஆன மனுஷனை நம்பி வேறு யார் அப்படிக் காத்துக்கொண்டிருந்தார்கள்? செத்துப்போனாலும் அந்தக் கேம் ஒரு வார்த்தை திட்டாமல், விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே எழுப்பி நிற்க வைத்து, போ என்கிறது. அவ்வளவு பொறுமையான ஒன்றை அவர் இந்த வீட்டில் கண்டதில்லை.

நான் இங்கே ஒரு கான்வென்ட் ஸ்கூல் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தவள். இங்கிலீஷ் படிப்பேன். சத்தம் இல்லாவிட்டாலும் அவர்கள் பேசுவதெல்லாம் அடியில் எழுத்தாக ஓடிக்கொண்டிருந்தது. இவர் பஸ் போர்டு அளவுக்குத்தான் இங்கிலீஷ் படிப்பார். அது ஓடுகிற வேகத்துக்கு அவரால் ஆகாது. நான் படித்தேன். இரண்டு நாள் படித்ததும் புரிந்துவிட்டது. அவள் சம்சாரமும் இல்லை, ஒன்றும் இல்லை. போலீஸ்காரி. இந்தத் தாடிக்காரன்மேல் ஒரு கொலைக் கேஸ். அவனைக் கோர்ட்டில் நிறுத்தக் கூட்டிக்கொண்டு போகிறாள். வழியில் அவனுடைய எதிரிகள் வண்டியைக் கவிழ்த்துவிட்டதால் இரண்டு பேரும் நடந்து போகிறார்கள். வாய் ஓயாமல் அவள் பேசியதெல்லாம் தப்பித்து ஓடினால் என்ன ஆகும் என்கிற மிரட்டல்.

எனக்கு ஒரே சந்தோஷம். நேராகப் போய் டிவியை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"ஏனுங்க, அவ உங்க பொண்டாட்டியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அவ போலீஸு. உங்களைக் கொண்டுபோய் ஜெயில்ல போடத்தான் பின்னாலயே வர்றா."

அவர் கேமை நிறுத்தினார். "அப்படியா?" என்றார். "நல்லாப் படிச்சுப் பாத்தியா?"

"எழுத்துக்கு எழுத்துப் படிச்சேன்."

செம்பிலிருந்து தண்ணீர் குடித்தார். நான் விலகி நின்றேன். மறுபடியும் கேமை ஓட விட்டவர் முதல் வேலையாக என்ன செய்தார்? குமிழைத் திருப்பி, அவள் வருகிறாளா என்று பார்த்தார்.

"அதான் போலீஸுன்னு சொல்லிட்டேன்ல?"

"யாரா இருந்தா என்ன புள்ள? பின்னால வர்ற ஆளு, பத்திரமா வந்து சேரோணுமில்ல."

தன்னைத் தூக்கில் போடக் கூட்டிக்கொண்டு போகிறவள் பத்திரமாக வந்து சேர வேண்டுமாம். அந்த அக்கறையில் காலே அரைக்காலாவது எனக்கு வந்ததுண்டா? அடுப்பை அணைத்துவிட்டுப் போனை எடுத்து மகனுக்குப் பண்ணினேன். "நான் வர்றேன் கண்ணு" என்றேன். அவனுக்கு ஒரே குஷி. முட்டிக்கு நல்லது என்று மெத்தென்று ஒரு ஜோடி ஷூ வாங்கி கூரியரில் அனுப்பினான்.

அவரிடம் போய், "நான் சென்னைக்குப் போறேன். வர நாளாகும். வந்தாலும் வருவேன், வராட்டியும் போவேன்" என்றேன்.

"போறேன்னு சொல்லாத புள்ள. போயிட்டு வர்றேன்னு சொல்லு" என்றார், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே. அவ்வளவுதான். ஏன், எதற்கு, எத்தனை நாள், ஒன்றும் கிடையாது. சகுனம் மட்டும் சரியாக இருந்தால் போதும்.

நான் கிளம்புவதற்கு முன்னால் கேமும் முடிந்தது. கடைசியில் ஒரு தொங்கு பாலம். அவளுக்குக் காலில் அடிபட்டு நொண்டிக்கொண்டு ரொம்பப் பின்தங்கிவிட்டாள். பாலத்தைத் தாண்டிவிட்டால் இவனுக்கு விடுதலை. கேஸும் இல்லை, கோர்ட்டும் இல்லை. திரையில் பெரிய எழுத்தில் ஓடு, ஓடு என்று வருகிறது. அந்த அளவுக்குப் படிக்க இவருக்கும் தெரியும். தாடிக்காரனைத் திருப்பி, வந்த வழியே நடக்க வைத்து, அவள் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். அவள் விலங்கு மாட்டினாள். கதை முடிந்தது, ஜெயில் கதவு சாத்திக்கொண்டது, பெயர்கள் ஓட ஆரம்பித்தன. மகன் போனில், "அப்பா, அது தப்பான முடிவுப்பா. பாலத்தைத் தாண்டிப் போயிருக்கோணும். திருப்பியும் ஆடுங்க" என்றான்.

"ஆளு வந்துட்டிருக்குதுன்னு தெரிஞ்சும் வண்டிய எடுக்கச் சொல்றியா?" என்று கேட்டுவிட்டுப் பெட்டியின் வயரைப் பிடுங்கிச் சுற்றி வைத்துவிட்டார்.

நான் கிளம்பிய அன்று காலையில் பனிமூட்டம். சில்வர் ஓக் மரங்களின் அடி மட்டும் தெரிந்தது. சேலம் பஸ்ஸுக்காக ஒண்டிக்கடைக்கு ஏறினோம். என் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் போனார். மகன் அனுப்பிய ஷூவைப் போட்டுக்கொண்டு நான் பின்னால். சேலம் போய் ரயில் ஏறும்வரை ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று முடிவு கட்டியிருந்தேன். அந்த ரோட்டில் நான் வாயை மூடிக்கொண்டு நடந்தது அதுதான் முதல் தடவை. மற்ற நாளில் ரோட்டுப் பள்ளத்தில் ஆரம்பித்து, டூரிஸ்ட் போட்டுவிட்டுப் போகும் குப்பை, தக்காளி விலை, அவர் தங்கச்சி என் கல்யாணத்தன்று பேசிய பேச்சு வரைக்கும் ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டுதான் ஏறுவேன். அன்று மூச்சுகூடப் பெரிதாக விடவில்லை. பிடிவாதம்.

முதல் வளைவில் அவர் நிற்காமல் போனார். பார்த்துக்கொள், உன்னை அனுப்புவதில் எவ்வளவு அவசரம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். இரண்டாவது வளைவில் நின்றார். வழக்கம் போலப் பள்ளத்துப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். பள்ளம் எங்கே இருக்கிறது? ரோட்டு ஓரத்துக்கு அப்பால் வெள்ளையாக இருந்தது, ஒரு மரம்கூடத் தெரியவில்லை. இந்த ஆள் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு முதல் தடவையாகத் தோன்றியது. நானும் நின்றுவிட்டேன்.

அவர் திரும்பினார்.

திரும்பியவர் முகத்தைப் பார்த்து நான் பயந்துபோனேன். வெளிறிப்போயிருந்தது. என்னைக் கண்டதும் பெட்டியைத் தொப்பென்று ரோட்டில் போட்டுவிட்டு வேகமாக இறங்கி வந்தார்.

"என்ன புள்ள, சத்தத்தையே காணோம்? எங்கியாச்சும் உழுந்து கிழுந்து தொலைச்சியோன்னு..." அவருக்கு மூச்சு வாங்கியது.

சேலம் வரைக்கும் பேசுவதில்லை என்ற சபதம் அங்கேயே போயிற்று. "இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் உங்களுக்குத் தெரிஞ்சுதுங்களா, ஒருத்தி பின்னால வர்றான்னு? டிவில வர்றவளுக்கு நாலடிக்கு ஒருக்காத் திரும்பறீங்க. உங்களை ஜெயில்ல போடறவளுக்குத் திரும்பறீங்க. நான் என்ன பாவம் பண்ணினேன்?" என்று கத்தினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை. "அவ சத்தமில்லாம வர்றா புள்ள. நீதான சத்தம் வைக்கக் கூடாதுன்னுட்ட? திரும்பிப் பாக்காட்டி வர்றாளா நின்னுட்டாளான்னு எப்படித் தெரியும்?"

"அப்ப நானு?"

"உனக்கெதுக்கு? நீதான் பேசிட்டே வருவியே. பேச்சு கேட்டுட்டே இருந்தா நடந்துட்டே இருப்பேன். மூச்சு வாங்கறது கேட்டா நடையைக் கொறைப்பேன். பேச்சு எட்டாமப் போச்சுன்னா வளைவுல நின்னுக்குவேன். அதுக்குத்தான நிக்கறது? நீ என்ன நெனச்ச?"

"பள்ளத்தைப் பார்க்கறீங்கன்னு."

"பொறந்ததுல இருந்து பாக்கற பள்ளம். அதுல என்ன இருக்குது?"

எனக்குக் கோபம் குறையவில்லை. இன்னும் ஏறியது. "இதை வாயைத் தொறந்து ஒரு நாள் சொல்றதுக்கென்னங்க?"

"சொன்னனே. எத்தனை தடவை சொல்லியிருக்கறேன், பின்னால விசில் இருக்குதுன்னு."

நான் விசிலாம். ஆயுசு முழுக்க நான் ஏதோ மனசு வெந்து பேசிக்கொண்டு வந்ததாக நினைத்திருக்கிறேன்; அவருக்கு அது விசில். அந்த இடத்தில் அழுவதா, அடிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. "சரி, அது போகட்டும். நான் வந்து சேர்ந்ததும் எதுக்குங்க உடனே கிளம்பிடறீங்க? நான் ஒரு நிமிஷம் நின்னு மூச்சு உட வேண்டாமா?" என்றேன்.

தலையைச் சொறிந்தார். "ஆளு ஏறிட்டா எடுத்துத்தான பழக்கம்" என்று இழுத்தார். பிறகு, "அது தப்புத்தான் புள்ள. எனக்குத் தோணலை" என்றார்.

அப்போது மேலேயிருந்து பஸ் கிளம்பும் ஹாரன் கேட்டது. காதைக் கொடுத்துக் கேட்டார். "போயிருச்சு. கிளட்சைப் போட்டு மிதிக்கறான் பாரு" என்றார். பெட்டி ரோட்டு ஓரத்தில் குப்புறக் கிடந்தது. "அடுத்த வண்டிக்கு நேரமிருக்குது. நாம மேல போயி டீ குடிச்சுட்டு நிக்கலாமா?"

நாம என்றார். அவருக்கு அது தெரிந்திருக்காது.

"டீயும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். ஊட்டுக்குப் போலாம்" என்றேன். முட்டியைச் சேலத்திலேயே காட்டிக்கொள்ளலாம், மகனைப் பார்க்க இரண்டு பேருமாகப் போனால் போகிறோம், வெயில் என்று அவர் வாயைத் திறந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டேன். அவர் பெட்டியைத் துடைத்துத் தோளில் ஏற்றிக்கொண்டு வழக்கம் போல முன்னால் போகக் கால் எடுத்தார்.

"நில்லுங்க. இன்னைக்கு நான் முன்னால போறேன்."

சரி என்று ஒதுங்கி நின்றார். நான் நடந்தேன். பத்தடி போயிருப்பேன், அவர் வருகிறாரா இல்லையா என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். வந்துகொண்டிருந்தார். மறுபடியும் கொஞ்ச தூரம் போனேன். பின்னால் ஒரு சத்தம் இல்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசுகிற மனுஷனா அவர்? இருமல்கூட இல்லை. மறுபடியும் திரும்பிப் பார்த்தேன், வந்துகொண்டிருந்தார். வளைவு வருவதற்குள் எனக்குக் கழுத்தே வலித்துவிட்டது.

"ஏனுங்க," என்று நின்ற இடத்திலிருந்து கத்தினேன், "ஏதாச்சும் சத்தம் போட்டுட்டு வந்தாத்தான் என்ன? நீங்க வர்றீங்களா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அப்புறம் பனிமூட்டத்துக்குள்ளிருந்து, வாயாலேயே, இரண்டு விசில் வந்தது.

நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.